மேகத்தின் முதுகும் மழையின் கணக்கும்

தொலைக்காட்சி வானிலைச் செய்தியில் நாள்தோறும் காட்டப்படும் செயற்கைக்கோள் படத்தை மழையின் படம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது மேகத்தின் முதுகைக் காட்டும் படம். ஏறத்தாழ 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் நிலைகொண்ட கருவி மேகத்தை மேலிருந்து பார்க்கிறது. மழையோ மேகத்தின் அடிவயிற்றிலிருந்து விழுகிறது. இரண்டுக்கும் இடையே பல நேரங்களில் பத்து, பன்னிரண்டு கி.மீ. தொலைவு உண்டு. அந்தத் தொலைவுக்குள் என்ன நடக்கிறது என்பதை மேலே தெரிவதைக் கொண்டு கணிப்பதில்தான் செயற்கைக்கோள் வானிலையியலின் பெரும் உழைப்பு கழிகிறது.

இதை வானிலை அறிஞர்களின் வேலை என்று விட்டுவிட்டு நாம் ஒதுங்கியிருந்த காலம் முடிந்துவிட்டது. பயிர்க் காப்பீட்டில் விளைச்சலை மதிப்பிடுவது, வறட்சியை அறிவிப்பது, அணையின் மதகுகளை எப்போது உயர்த்துவது எனப் பணமும் உயிரும் சார்ந்த முடிவுகளில் விண்ணிலிருந்து வரும் படத்துக்கு ஆண்டுதோறும் இடம் கூடி வருகிறது. நான் பொருளாதாரம் கற்பித்தவன். வானிலை என் துறையன்று. ஆனால், அளவீட்டுப் பிழை என்பது எங்கள் துறைக்கும் நெடுநாள் பகை. ஓர் அளவுகோல் தவறும்போது அந்தத் தவற்றின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் பொருளாதார மாணவன் எவனும் நகர முடியாது. அந்தக் கேள்வியை இந்த மேகப் படங்களின்பால் திருப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் படம் எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டின் இன்சாட்-3டிஆர் 2016 செப்டம்பர் 8 அன்றும், இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரி 17 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. இவற்றின் படக்கருவி ஆறு அலைவரிசைகளில் பார்க்கிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் ஒரு கி.மீ. நுட்பத்துடன் பார்க்கும், ஆனால், இரவில் அதற்கு வேலையில்லை. இரவும் பகலும் உழைப்பது வெப்ப அகச்சிவப்பு அலைவரிசை. அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 4 கி.மீ.க்கு 4 கி.மீ., அதாவது 16 சதுர கி.மீ.; நம் கணக்கில் கிட்டத்தட்ட 4,000 ஏக்கர்.

அகச்சிவப்புக் கருவி உண்மையில் ஒரு வெப்பமானி. வெயிலில் காய்ந்த தரை சூடாகத் தெரியும். உயரமான மேகத்தின் உச்சி குளிராகத் தெரியும். உயரம் கூடக் கூடக் குளிர் கூடும் என்பதால், குளிர்ந்த உச்சி என்றால் உயர்ந்த மேகம், உயர்ந்த மேகம் என்றால் வலுவான மேகம், வலுவான மேகம் என்றால் மழை என்று ஒரு சங்கிலி கட்டப்படுகிறது. படத்தில் குளிரான இடங்களுக்கு வெண்மை தீட்டுகிறார்கள். வெண்மையைக் கண்டதும் நாம் மழை என்கிறோம்.

இந்தச் சங்கிலி அறுபடும் இடம்தான் உயரமான கீற்று மேகங்கள். பள்ளிப் பாடநூலில் கீற்று மேகம், கீற்றுப்படை மேகம் என்று படித்திருப்போம். இவை முழுக்கப் பனித்துகள்களால் ஆனவை. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதியில் 10 முதல் 17 கி.மீ. உயரம் வரை மிதப்பவை. இவற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 60, 70 பாகை வரை இறங்கும். ஆனால், இவற்றிலிருந்து ஒரு சொட்டு மழையும் தரைக்கு வராது. சில நேரங்களில் இவை அண்ணாந்து பார்ப்பவன் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிந்திருக்கும். திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் லேசர் ஒளியை மேல்நோக்கிச் செலுத்தி இம்மேகங்களைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறது. கள்ளக்குறிச்சிக்கு நேர் வடக்கே, கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையில், சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ள இடம் அது. அங்கே பதிவாகும் உயர்வானம் பெரும்பாலும் நம் உயர்வானமும்தான்.

இவை எங்கிருந்து வருகின்றன? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஆடி, ஆவணி மாதங்களில், வங்கக் கடலில் எழும் மாபெரும் இடிமேகங்கள் வளிமண்டலத்தின் கூரையைத் தொட்டதும் மேலே போக வழியின்றிக் கொல்லன் பட்டடை போலத் தட்டையாகப் பரவுகின்றன. அதே உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு நூறு கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று எனப்படும் இதனை 1958-இல் விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி.கோட்டீஸ்வரம். கடலில் கொட்டித் தீர்த்த மேகத்தின் உச்சிப் பகுதியை மட்டும் இந்தக் காற்று கிழித்தெடுத்துத் தென்னிந்தியாவின் மேல் விரிக்கிறது. மழை கடலோடு போயிற்று. போர்வை மட்டும் நம் தலைக்கு மேல்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மேற்கே கல்வராயன் மலைக்கும் கிழக்கே வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட களமருதூரில் இருந்துகொண்டு இந்தக் காட்சியை ஆண்டுதோறும் பார்க்கிறேன். படம் வெண்மையாய் இருக்கும். மானாவாரி உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் உழுது வைத்த நிலம் புழுதி பறந்துகொண்டிருக்கும். "டி.வி.யில நம்ம பக்கம் பூரா வெள்ளையா இருக்கு சார், நம்ம கொல்லையில மண்ணு நனையலியே" என்று அண்டை வயல்காரர் ஒருமுறை கேட்டார். அறிவியல் மாநாட்டில் கேட்க வேண்டிய கேள்வி அது.

விஞ்ஞானிகள் இதை அறியாதவர்கள் அல்லர். மெல்லிய கீற்று மேகத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் கைக்கொள்ளும் உத்திகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, இரண்டு அகச்சிவப்பு அலைவரிசைகளை ஒப்பிடுவது. 10.8 மைக்ரான், 12 மைக்ரான் என்ற இரு அலைநீளங்களிலும் கெட்டியான மேகம் ஒரே வெப்பநிலையைக் காட்டும். மெல்லிய பனிமேகமோ 12 மைக்ரான் கதிரைச் சற்று அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், 10.8 மைக்ரானில் கீழேயுள்ள சூடான தரை ஓரளவு எட்டிப்பார்க்கும். இரண்டுக்கும் இடையே சில பாகை வேறுபாடு தெரிந்தால் அங்கே மெல்லிய கீற்று மேகம் இருக்கலாம் என்று ஊகிக்கலாம். இன்சாட் வரிசையில் இவ்விரு அலைவரிசைகளும் உள்ளன. ஆனால், நம்முடையது புழுக்கம் மிகுந்த வானம். காற்றிலுள்ள நீராவியே இரண்டு, மூன்று பாகை வேறுபாட்டை உண்டாக்கிவிடும். பாலைவனத்தில் தெளிவாகப் பேசும் இந்தச் சோதனை தமிழ்நாட்டில் தடுமாறும்.

இரண்டாவது உத்தி அழகானது. சூரிய ஒளியில் 1.38 மைக்ரான் என்ற அலைநீளத்தை நீராவி விழுங்கிவிடும். வளிமண்டல நீராவியில் மிகப்பெரும்பகுதி கீழடுக்கில் உள்ளது. எனவே தரை, ஏரி, தாழ்ந்த மேகம் எவற்றிலிருந்தும் இந்த ஒளி திரும்பிச் செயற்கைக்கோளை அடையாது. எல்லாம் இருண்டு கிடக்கும். நீராவிக்கு மேலே மிதக்கும் கீற்று மேகம் மட்டும் ஒளிரும். புழுக்கம் மிகுந்தால் இந்த உத்தி இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பதால், நம் ஊருக்கென்றே செய்தது போன்றது. அமெரிக்காவின் டெர்ரா செயற்கைக்கோள் 1999-லேயே இந்த அலைவரிசையுடன் சென்றது. 2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-8, ஐரோப்பாவின் சென்டினல்-2 ஆகியவற்றிலும் உண்டு. ஆனால் இவை நம் தலைக்கு மேல் கடந்து செல்பவை. ஒரே இடத்தில் நின்று நாளெல்லாம் பார்ப்பவை அல்ல. அப்படி நின்று பார்க்கும் அமெரிக்க, ஐரோப்பிய, சீனப் புதிய தலைமுறை வானிலைச் செயற்கைக்கோள்களில் இந்த அலைவரிசை வந்துவிட்டது. இன்சாட்-3டி வரிசையின் ஆறு அலைவரிசைகளில் இது இல்லை. அடுத்த தலைமுறைக் கருவியைத் திட்டமிடுவோர் கீற்று மேகத்துக்கென ஓர் அலைவரிசை ஒதுக்குவது வீண் செலவாகாது என்பது என் கருத்து. காரணத்தைக் கீழே காணலாம்.

மெல்லிய மேகத்தின் இன்னொரு குறும்பையும் சொல்ல வேண்டும். உறைநிலைக்குக் கீழ் 65 பாகை குளிர்ந்த மெல்லிய கீற்று மேகம் ஒன்றின் ஊடாக 27 பாகைச் சூடுள்ள தரையும் சற்றுத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி இரண்டையும் கலந்து பூஜ்ஜியத்தையொட்டிய ஒரு வெப்பநிலையைத் தரும். அதை நம்பினால் 15 கி.மீ. உயரத்து மேகம் 5 கி.மீ. உயரத்து மேகமாகிவிடும். சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எச்சரிக்கையாக இரு என்று வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஓர் ஊரில் பாதிப் பேர் பட்டினி, பாதிப் பேர் பெருந்தீனி என்றால் சராசரியில் எல்லோரும் வயிறார உண்டதாகக் கணக்கு வரும்.

இனி, மேகத்திலிருந்து மழைக்கு வருவோம். 1974-இல் அட்லாண்டிக் கடலில் நடந்த பன்னாட்டு ஆய்வின் தரவைக் கொண்டு ஃபிலிப் ஆர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-இல் ஒரு தொடர்பைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த விதி மிக எளியது. மேகத்தின் உச்சி உறைநிலைக்குக் கீழ் 38 பாகையைவிடக் குளிர்ந்திருந்தால் அங்கே மணிக்கு 3 மி.மீ. மழை பெய்வதாகக் கொள்ளலாம் என்பதே விதி. நூற்றுக்கணக்கான கி.மீ. பரப்புக்கும் மாதக்கணக்கான காலத்துக்கும் சராசரி காணும்போது இந்த எளிய விதி வியக்கத்தக்க அளவில் பலித்தது. பருவநிலை ஆய்வுக்கு அது பெரும் கொடை. ஆனால், ஒரு கிராமத்தின் ஒரு நாள் மழைக்கு இதைப் பொருத்தினால் மழையே தராத கீற்று மேகத்துக்கும் மணிக்கு 3 மி.மீ. எழுதிவிடும். 3 மி.மீ. என்பது ஓர் ஏக்கருக்கு 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர். காகிதத்தில் பெய்து வயலில் பெய்யாத தண்ணீர். மறுபுறம், மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று சரிவில் ஏறும்போது உண்டாகும் தாழ்ந்த மேகங்கள் உச்சி அவ்வளவு குளிராமலேயே கனமழை கொட்டும். அவற்றை இந்த விதி தவறவிடும்.

அதன் பின்னர் எவ்வளவோ முன்னேற்றங்கள். மேகத்தை ஊடுருவும் நுண்ணலைக் கருவிகள், 2014-இல் அமெரிக்காவும் ஜப்பானும் இணைந்து ஏவிய மழை அளவீட்டுச் செயற்கைக்கோள், எல்லாவற்றையும் இணைத்து அரை மணிக்கொரு முறை வரும் உலக மழை வரைபடம் ஆகியவை மதிப்பீட்டை வெகுவாகச் செம்மைப்படுத்தியுள்ளன. ஆயினும் அந்த உலக வரைபடத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கி.மீ.க்கு 11 கி.மீ.; சுமார் 30 ஆயிரம் ஏக்கர். கல்வராயன் மலையின் ஒரு சரிவில் பெய்து மறு சரிவில் காயும் மழைக்கு அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது. உயரமான மேகத்தைச் சாய்வாகப் பார்ப்பதால் வரும் இடப்பெயர்ச்சி வேறு இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளுக்கு, நம் பகுதியில் 15 கி.மீ. உயரத்தில் உள்ள மேக உச்சி, திருத்தம் செய்யாவிட்டால், ஏறத்தாழ 4 கி.மீ. வடக்கே தள்ளித் தெரியும். ஓர் ஊரின் மேகம் அடுத்த ஊரின் கணக்கில் ஏறப் போதுமான தொலைவு.

இந்த நுணுக்கங்கள் எப்போது உயிர்ப் பிரச்னையாகின்றன என்பதை 2024 நவம்பர், டிசம்பர் நாள்கள் காட்டின. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கும், புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேலும் மழை கொட்டியது. பிறகு அது வலுவிழந்து உள்நாட்டில் நகர்ந்தது. வலுவிழந்தது என்று நாம் சொல்வது காற்றின் வேகத்தை வைத்துத்தான், மழையை வைத்தல்ல. கடலிலிருந்து வெகுதொலைவில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. பதிவானது. ஓர் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் தண்ணீர்.

ஊத்தங்கரைப் பகுதியின் வெள்ளம் பாம்பாறு வழியே தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வருகிறது. அணையின் கொள்ளளவு சுமார் 7.3 டி.எம்.சி. டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விநாடிக்கு ஏறத்தாழ 47 லட்சம் லிட்டர். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணையின் கரையோர ஊர்கள் பட்ட பாட்டை மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை போதிய அளவு தரப்பட்டதா என்பது குறித்து அப்போது நடந்த அரசியல் வாதங்களுக்குள்ளும் நான் நுழையவில்லை. என் கேள்வி வேறு. அத்தகைய இரவில், நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்த ஊரில் எவ்வளவு பெய்துகொண்டிருக்கிறது என்பதை மணிக்கு மணி அறிய ஓர் அணைப் பொறியாளரின் கையில் என்ன இருக்கிறது?

இரவில் கண்ணுக்குப் புலனாகும் ஒளிப்படம் இல்லை. அகச்சிவப்புப் படத்தில், கடற்கரையிலிருந்து தருமபுரி வரை ஒரு புயலின் மேற்போர்வை பரவிக் கிடந்தால், அதன் கீழே எந்த மூலையில் கொட்டுகிறது, எந்த மூலையில் தூறுகிறது என்பதை அந்தப் போர்வை எளிதில் சொல்லிவிடாது. டாப்ளர் ரேடார் சொல்லும். ஆனால், ரேடாருக்கும் எல்லை உண்டு. சென்னை ரேடாரிலிருந்து கள்ளக்குறிச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கி.மீ. பூமி உருண்டையாதலால், அவ்வளவு தொலைவுக்கு வரும்போது ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிரும் தரையிலிருந்து சுமார் 4 கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். காரைக்கால் ரேடார் சுமார் 130 கி.மீ. தொலைவில் இருக்கிறது, அங்கிருந்து வரும் கதிரும் கள்ளக்குறிச்சிக்கு மேல் 2 கி.மீ. உயரத்தில் இருக்கும். ஊத்தங்கரை அதற்கும் அப்பால். மேலிருந்து பார்ப்பவர் முதுகைப் பார்க்கிறார். பக்கவாட்டில் பார்ப்பவர் தோளைப் பார்க்கிறார். காலடியில் விழுவதைப் பார்க்கத் தரையில் ஆள் வேண்டும். அந்த ஆள் மழைமானி.

சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலும், ராமநாதபுரத்திலும் புதிய ரேடார்கள் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. மாநிலம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் என்ற திட்டமும் உண்டு. மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 2,000 கோடி ரூபாயில் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. எல்லாம் வரவேற்கத்தக்கவை. கல்வராயன் மலைக்கும் தென்பெண்ணைப் படுகைக்கும் ஏற்காடு ரேடாரைப் போலப் பயன் தரக்கூடிய முதலீடு வேறில்லை. ஆனால், கருவி வாங்குவது ஒரு முறை செலவு. அதைப் பராமரிப்பது ஆண்டுதோறும் வரும் செலவு. நம் அரசுகளின் வரவு செலவுத் திட்டத்தில் முதலாவதற்குத் திறப்பு விழா உண்டு, இரண்டாவதற்கு இல்லை. சிலந்தி கூடு கட்டிய மழைமானி பூஜ்ஜியம் காட்டினால், அந்தப் பூஜ்ஜியமும் தரவுதான் என்று கணினி எடுத்துக்கொள்ளும்.

இப்போது பயிர்க் காப்பீட்டுக்கு வருகிறேன். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. சம்பா நெல்லுக்கு விவசாயி காப்பீட்டுத் தொகையில் 1.5% கட்டுகிறார், மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. இழப்பீடு பெரும்பாலும் தனி வயலை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. ஊர் அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி விளைச்சலை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. அந்தப் பரிசோதனையில் தாமதமும் முறைகேடும் உண்டு என்ற புகாரின் தொடர்ச்சியாக, 2023 காரிஃப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்ப வழியிலான விளைச்சல் மதிப்பீட்டுக்கு இறுதிக் கணக்கில் குறைந்தது 30% எடை தரப்படுகிறது. இதில் செயற்கைக்கோள் படங்களுக்கு முதன்மையான பங்கு. மனிதக் கையின் கறை படியாத சாட்சி என்பதால் இதை நான் ஆதரிக்கவே செய்கிறேன். ஆனால், அந்தச் சாட்சி எந்தெந்த நாள்களில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சம்பாப் பயிர் வளரும் அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நாள்களில்தான் நம் வானம் மூடிக் கிடக்கிறது. ஐந்து நாளுக்கொரு முறை கடந்து செல்லும் செயற்கைக்கோள் எடுக்கும் படங்களில் பலவற்றை மேகம் என்று கழித்துவிட வேண்டியிருக்கும். எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் கணினி விதியில் இரண்டு வகைத் தவறுகள் நேரலாம். மெல்லிய கீற்று மேகத்தைக் காணாமல் படத்தைத் தெளிவானது என்று ஏற்றுக்கொண்டால், பயிரின் பச்சை மங்கித் தெரியும்; நன்றாக உள்ள பயிரும் வாடியதாகப் பதிவாகும். இதில் நட்டம் காப்பீட்டு நிறுவனத்துக்கு. இதைத் தவிர்க்க நெடுங்காலமாகக் கையாளப்படும் ஒரு வழி, பதினைந்து, பதினாறு நாள்களின் படங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் மிகப் பசுமையான நாளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்வது. மேகம் பசுமையைக் குறைத்தே காட்டும் என்பதால், மிகப் பசுமையான நாளே மேகமற்ற நாள் என்பது இதன் தருக்கம். நல்ல தருக்கம்தான். ஆனால், அந்தப் பதினாறு நாள்களின் நடுவே வெள்ளம் வந்து பயிர் மூழ்கியிருந்தால்? மிகப் பசுமையான நாள் என்பது வெள்ளத்துக்கு முந்தைய நாள். அந்தப் பதினாறு நாளின் படத்தில் வயல் பசேலென்றுதான் இருக்கும். இதில் நட்டம் விவசாயிக்கு.

இரண்டு தவறுகளையும் ஒரே நேரத்தில் இல்லாமலாக்க முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தத் தவற்றை எவ்வளவு அனுமதிப்பது என்பதைக் கணினி நிரலின் ஓர் எண் முடிவு செய்கிறது. அந்த எண்ணை நிர்ணயிக்கும் அறையில் விவசாயி இல்லை. 2003-இல் மகபூப்நகரில் மழை அளவை வைத்து இழப்பீடு தரும் காப்பீடு நம் நாட்டில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட நாளிலிருந்து பொருளாதார ஆய்வாளர்கள் எழுதி வரும் சிக்கல் இதுதான். குறியீடு ஒன்றைச் சொல்லும், வயல் வேறொன்றைச் சொல்லும். விவசாயி கட்டணமும் கட்டி, பயிரையும் இழந்து, இழப்பீடும் பெறாமல் நிற்பார். அப்படி ஒருமுறை நின்றவர் மறுமுறை காப்பீட்டுக்கு வரமாட்டார்.

மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். சரியான கேள்வி. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து இத்தகைய ரேடார் படங்களைக் கொண்டு தமிழகத்தின் நெல் பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிடுவதில் முன்னோடிப் பணி செய்துள்ளது. நம் இஓஎஸ்-04 செயற்கைக்கோள் 2022 பிப்ரவரியிலும், அமெரிக்காவுடன் இணைந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30 அன்றும் ஏவப்பட்டன. தேங்கி நிற்கும் தண்ணீரை இவை இரவிலும் மேகத்தினூடேயும் காணும். நெல்லுக்கு இது பெரும் வரம். ஆனால், கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் பயிராகும் மரவள்ளிக்கு? வேரடியில் தண்ணீர் தேங்கினால் முதலில் அழுகுவது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. மேலே இலை சில நாள் பச்சையாகவே நிற்கும். அங்கேயும் கருவிக்குத் தெரிவது மேற்பரப்புத்தான்.

எனவே நான் வேண்டுவது செயற்கைக்கோளைக் கைவிடுவதை அன்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இன்சாட் தரவுகளை அகமதாபாத் மையத்தின் இணையதளம் வழியாகப் பொதுவில் வைத்திருக்கிறது; இந்தத் திறந்த மனம் பாராட்டுக்குரியது. ஆனால், அது ஆய்வு மாணவருக்குப் பயன்படும் வடிவில் இருக்கிறது. ஊராட்சித் தலைவருக்கோ, வேளாண் உதவி அலுவலருக்கோ பயன்படும் வடிவில் இல்லை. ஓர் ஊரின் விளைச்சல் மதிப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் வெளியிடும்போது, அந்தப் பருவத்தில் அவ்வூரின் மேல் எத்தனை தெளிவான படங்கள் கிடைத்தன, எந்தெந்த நாள்கள் மேகம் என்று கழிக்கப்பட்டன, கழிக்கப்பட்ட நாள்களுக்கு எதைக் கொண்டு இட்டு நிரப்பினார்கள் என்ற மூன்று விவரங்களையும் தமிழில் ஒரு பக்கத்தில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய செயற்கைக்கோள் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். தெளிவான படங்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தால், அவ்வூரில் தொழில்நுட்ப மதிப்பீட்டின் எடை தானாகவே குறைந்து, அறுவடைப் பரிசோதனையின் எடை கூட வேண்டும்.

ஊராட்சிக்கு ஒரு தானியங்கி மழைமானி, வட்டாரத்துக்கு ஒரு வானிலை நிலையம் என்ற இலக்குடன் மத்திய வேளாண் அமைச்சகம் 2023-இல் தொடங்கிய தரவுக் கட்டமைப்புத் திட்டமும் இதே தேவையைத்தான் குறிக்கிறது. நம் நாட்டுச் சாதாரண மழைமானி ஒன்றின் வாய் 200 சதுர செ.மீ.; உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. 4,000 ஏக்கர் புள்ளியை இந்த உள்ளங்கைதான் திருத்த வேண்டும். மலைப்பகுதியில் இதைச் சமவெளியைவிட நெருக்கமாக வைக்க வேண்டும் என்பது பொது அறிவு. ஆயினும் சாலையும் மின்சாரமும் உள்ள இடங்களிலேயே கருவிகள் முதலில் முளைக்கின்றன. கோமுகி, மணிமுத்தா அணைகளுக்குத் தண்ணீர் தரும் மலைக் கிராமங்கள் அந்தப் பட்டியலில் கடைசிக்குப் போய்விடக் கூடாது.

ஒரு செய்தி உடனடிக் கவனத்துக்குரியது. வயலில் நெல் மூழ்கினால் தனிப்பட்ட வயல் அளவில் இழப்பீடு பெறும் வாய்ப்பு 2018-இல் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. 2026 காரிஃப் பருவம் முதல் அது மீண்டும் சேர்க்கப்படும் என்று மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. பயிர் மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் விவசாயி தகவல் தர வேண்டும். அந்த 72 மணி நேரம்தான் வானம் மிகக் கெட்டியாக மூடிக் கிடக்கும் நேரம். செல்பேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி நிற்கும் நேரமும் அதுவே. பின்னர் தண்ணீர் வடிந்து, வானம் வெளுத்து, முதல் தெளிவான படம் வரும்போது அதில் தண்ணீர் இருக்காது. படத்தில் தண்ணீர் தெரியவில்லை என்பதைக் காட்டி ஒரு கோரிக்கையை நிராகரிக்க முடியுமா, அல்லது மேகம் மூடிய நாள்களுக்கு ரேடார் படத்தையும் அருகிலுள்ள மழைமானியையும் சாட்சியாக ஏற்றாக வேண்டுமா என்பது விதிகளில் எழுத்தில் இருக்க வேண்டும். நவம்பர் 15-க்குள் சம்பாவுக்குப் பதிவு செய்யுங்கள் என்று ஆண்டுதோறும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம். அந்த அறிவிப்பு ஊருக்குள் வருவதற்கு முன்பாக, இந்தப் பிரிவை மாநில அரசு தில்லியிடம் கேட்டுப் பெற வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).